மேட்டிலிருந்து ஓடை வரை: பியானோ

பெதாசோ
3 மார்ச் 2004

மதிப்பிற்குரிய திருமதி லொரெத்தா செசெத்தி அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் இலேனியா பிரகலெந்தே. நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. ஆசோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஊராட்சிகள் சேர்ந்து நடத்தும் சுற்றுலா அலுவலகத்தில், இங்கே கடற்கரையில், ஐந்து மாதமாக வேலை பார்க்கிறேன். சைக்கிளில் வருகிறவர்களுக்காக ஒரு வழிப்படம் அச்சிடப் போகிறோம். கார் அதிகம் வராத மலைப்பாதைகள் மட்டும் அதில் இருக்கும். ஆற்றுமுகத்தில் புறப்பட்டு, உங்கள் மோந்தெலாரோ மேட்டில் ஏறி, ஓடைப் பக்கமாக இறங்கி, மறுபடி கடலுக்கு வரும். மொத்தம் நாற்பத்தெட்டு கிலோமீட்டர்.

என்னிடம் இருப்பவை ஐம்பதுகளில் அச்சான படத்தாள்கள். அவற்றில் பாதைகள் இருக்கின்றன. பாதையில் யார் போகிறார்கள், எப்போது போகிறார்கள் என்பது இல்லை. உங்கள் ஊராட்சி எழுத்தரைக் கேட்டேன். "அதெல்லாம் தபால்காரி லொரெத்தாவக் கேளுங்க. எந்த நாய் எந்தக் கேட்டுக்குப் பின்னால படுத்திருக்குன்னு வரைக்கும் அவளுக்குத் தெரியும்" என்றார்.

அதனால் கேட்கிறேன். காலை வேளையில் மேட்டுச் சாலையில் எத்தனை வண்டி வரும்? குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும்? எங்கெல்லாம் தார் இல்லாமல் சரளை? கல்லறைக்குப் பின்னாலிருந்து ஓடைக்குப் போகும் பாதை எப்படி? படத்தில் அது சரிவை ஒட்டி நிதானமாக வளைந்து வளைந்து போகிறது.

கடைசியாக ஒரு கேள்வி, அலுவலகத்துக்குத் தேவையில்லாதது. அந்தப் பாதையில் 'மூன்று கிணறு' என்று ஓர் இடத்துக்குப் பெயர் போட்டிருக்கிறார்கள். வரைந்திருப்பதோ ஒரே கிணறு. மற்ற இரண்டும் எங்கே?

இதையெல்லாம் தொலைபேசியில் கேட்டிருக்கலாம். மூன்று நாள் உங்கள் எண்ணுக்கு அடித்தேன். யாரோ எடுத்ததும் வைத்துவிட்டேன். மன்னிக்க வேண்டும். எனக்கு எழுத வருகிற அளவுக்குப் பேச வராது.

பணிவுடன்,
இலேனியா பிரகலெந்தே


மோந்தெலாரோ
11 மார்ச்

டாக்டரம்மாவுக்கு,

உறையின் பின்பக்கம் உங்கள் பெயருக்கு முன்னால் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. இந்த நாட்டில் பட்டம் வாங்கிய எல்லாரும் டாக்டர்தானே. எனக்கு இடது முழங்காலில் வலி. பார்ப்பீர்களா?

உங்கள் கடிதத்தை எனக்கு நானே கொண்டுவந்து கொடுத்தேன். என் கேட்டின் முன்னால் மொபெட்டை நிறுத்தி, பெட்டியில் போட்டு, பிறகு சாவியால் திறந்து எடுத்துப் படித்தேன். சிரிக்க வேண்டாம். முறை என்று ஒன்று இருக்கிறது. பதினான்கு வருஷமாக இந்த மேட்டில் நாற்பத்தொரு பெட்டி எனக்கு. என் பெட்டிதான் அநேகமாகக் காலியாக இருக்கும்.

ஆக, தொலைபேசியில் அடித்தது நீங்கள்தான். என் கணவர் தீனோ மூன்று நாளாக என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். "எடுத்தா வச்சிடுறான். யாருடி அவன்?" என்று கடைசியில் கேட்டும்விட்டார். கடிதத்தைக் காட்டினேன். இப்போது மனிதருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

இனி நீ என்றுதான் எழுதுவேன். இந்த மேட்டில் பாதிரியாரைத் தவிர எல்லாரும் எனக்கு நீதான்.

வண்டி வராத பாதை கேட்கிறாய். வண்டி வராவிட்டால் அமைதி என்று யார் சொன்னது? செவ்வாயும் வியாழனும் எட்டரைக்கு ரொட்டி வண்டி வரும், மூன்று முறை ஹாரன் அடிக்கும். அது சத்தமில்லை, அது செவ்வாய்க்கிழமை. ஜூலையில் பீச் பழம் ஏற்றிய டிராக்டர்கள் வரும். அவை சத்தம். பாதை அமைதியா இல்லையா என்று பார்க்க என்னிடம் ஒரே கணக்குத்தான்: முதல் வீட்டுப் பெட்டியில் நிற்கும்போது மூன்றாவது வீட்டு ஜெம்மாவின் வானொலி கேட்கிறதா? கேட்டால் அமைதி.

உன் பாதைகள்: கடலிலிருந்து மாவு மில் வரை லாரி உண்டு, காலை ஏழுக்கு முன்னால் இல்லை. மில்லிலிருந்து மோந்தெலாரோவுக்கு ஏற்றம், இரண்டாவது வளைவில் பெரிய வாத்துகள், கணுக்காலைப் பிடிக்கும். சர்ச்சுக்குப் பின்னால் குழாய் இருக்கிறது. திறந்துவிட்டுப் பத்து எண்ண வேண்டும், முதலில் துரு வரும். மேட்டின் முதுகோடு கல்லறை வரை சரளை, ஆனால் கெட்டிச் சரளை.

மேட்டிலிருந்து ஓடை வரை: பியானோ. அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

கிணறு பற்றிச் சொல்ல மாட்டேன். வந்து எண்ணிக்கொள்.

லொரெத்தா


பெதாசோ
22 மார்ச்

மதிப்பிற்குரிய லொரெத்தா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன், வீட்டுக்கு எடுத்துப்போய் மறுபடியும் படித்தேன். படத்தாளை எத்தனை நாள் உற்றுப் பார்த்தாலும் அதில் வாத்து வராது.

என்னை டாக்டர் என்று அழைக்காதீர்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா காலணி அடிப்பாகம் அழுத்தும் இயந்திரத்தில் வேலை. அம்மா வீட்டிலிருந்தே காலணியின் மேல்தோலைத் தைத்துக் கொடுக்கிறாள். பட்டம் வந்த நாளிலிருந்து அந்தச் சொல்லை அவள் பயன்படுத்தாத இடம் இல்லை. மீன்காரரிடம்கூட, "எங்க டாக்டர் உள்ளதான் இருக்கா, மீன் நல்லா இல்லேன்னா வந்து கேப்பா" என்கிறாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பேன். எந்த மீனைப் பற்றியும் எனக்கு எதுவும் தெரியாது.

உங்கள் வானொலிக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மதிய இடைவேளையில் அலுவலகச் சன்னலைத் திறந்து எது எவ்வளவு தூரத்திலிருந்து கேட்கிறது என்று எழுதிப் பார்த்தேன். ரயில், மீன் ஏலம், எதிர்வீட்டுப் பெண் தும்முவது. தும்மல் கேட்டது, அதனால் இதுவும் அமைதியான தெருதானா? ஜெம்மா எந்த நிகழ்ச்சி கேட்பார்? வாத்துகள் எந்த நேரத்தில் சாலைக்கு வரும்? துரு வருகிற குழாயை யாரும் மாற்றாதது ஏன்?

இத்துடன் படத்தின் முதல் நகலை இணைத்திருக்கிறேன். சிவப்புக் கோடு ஏற்றம். மஞ்சள் சரளை. பச்சைக்கு உங்கள் சொல்லையே வைத்துக்கொண்டேன், பியானோ. வழி முழுவதிலும் பச்சை ஒரே இடத்தில்தான், மேட்டிலிருந்து ஓடை வரை. குழந்தைகளோடு வருகிறவர்கள் முதலில் பச்சையைத்தான் தேடுவார்கள் என்று எங்கள் இயக்குநர் சொல்கிறார். தவறு இருந்தால் அடித்துத் திருத்தி அனுப்புங்கள்.

இலேனியா


மோந்தெலாரோ
2 ஏப்ரல்

டாக்டரம்மா,

பழகிவிட்டது, மாற்ற முடியாது.

நகலைச் சமையல் மேஜையில் விரித்து நானும் தீனோவும் பார்த்தோம். வாத்துகளை இரண்டாவது வளைவில் சரியாகப் போட்டிருக்கிறாய். பச்சையும் சரி. அந்த இடத்தில் அது இல்லாமல் இருந்திருந்தால்தான் சண்டைக்கு வந்திருப்பேன். குழந்தைகளோடு வருகிறவர்கள் அதைத் தேடிப் பார்ப்பது ரொம்ப நல்லது. திருத்த ஒன்றுமில்லை.

ஜெம்மா கேட்பது சமையல் நிகழ்ச்சி. கேட்டுவிட்டு ஒன்றையும் சமைக்க மாட்டாள். வாத்துகளுக்குக் கடிகாரம் கிடையாது. குழாயை மாற்றாததற்குக் காரணம், மாற்றினால் யார் மாற்றினார்கள் என்று ஊர் கேட்கும்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். இத்தனை கேட்கிறாயே, ஒருமுறை வந்து பார்த்தால் என்ன? வியாழக்கிழமை சந்தைப் பேருந்து இருக்கிறது. பேருந்து வேண்டாம், சைக்கிளிலேயே வா. உன் நாற்பத்தெட்டு கிலோமீட்டரை நீயே ஓட்டிப் பார்த்திருப்பாய்தானே? எங்கே மூச்சு வாங்கியது என்று சொல். ரொட்டியும், அதில் வெண்ணெய் மாதிரி தடவுகிற எங்கள் பன்றித் தொத்திறைச்சியும் எடுத்து வைக்கிறேன்.

லொரெத்தா


பெதாசோ
26 மே

அன்புள்ள லொரெத்தா அவர்களுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். அச்சகத்தில் வேலை அதிகம். வழிப்படம் வந்துவிட்டது, ஐந்து பிரதி வைத்திருக்கிறேன். பின்பக்கம் வேறு மூன்று மொழிகளிலும் குறிப்பு உண்டு. அதை நான்தான் மொழிபெயர்ப்பாளருக்கு விளக்கிக் கொடுத்தேன். ஜூன் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, வழியைத் திறந்து வைக்கிறோம். முப்பது பேர் ஓட்டுகிறார்கள். உங்கள் மேட்டுக்குப் பத்து மணிக்கு வருவார்கள்.

நான் வரவில்லை. இங்கே மேஜையில் ஆள் வேண்டும்.

உங்கள் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்று தெரியும்.

இலேனியா


மோந்தெலாரோ
17 ஜூன்

செல்வி பிரகலெந்தே அவர்களுக்கு,

ஞாயிறு ஆறாம் தேதி என்ன நடந்தது என்று உங்கள் அலுவலகத்தில் எழுதி வைத்திருப்பீர்கள். நான் பார்த்ததை நான் எழுதுகிறேன்.

கல்லறைச் சுவரில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் போனவர்கள் உள்ளூர்க்காரர்கள், இறக்கத்தைத் தெரிந்தவர்கள், பிரேக்கைப் பிடித்துக்கொண்டே போனார்கள். அவர்களுக்குப் பின்னால் தனியாக ஒரு டச்சுக்காரர், அறுபது வயது இருக்கும். சரிவின் விளிம்பில் ஒரு கையை விட்டு எனக்கு டாட்டா காட்டினார். அப்படியே மறைந்தார். பிறகு சரிவுக்குக் கீழே இருக்கும் ஜெம்மாவின் கீரைப் பாத்தியிலிருந்துதான் சத்தம் வந்தது.

தோள்பட்டை எலும்பு முறிவு. அவருக்கு எங்கள் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து உங்கள் வழிப்படத்தை எடுத்து, பச்சைக் கோட்டைக் காட்டி, பின்பக்கம் தன் மொழியில் இருந்த வார்த்தையைக் காட்டினார். நான் தலையாட்டினேன். அவர் நல்ல கையை எடுத்து, உள்ளங்கையைக் கீழே வைத்து, மேஜையைத் தடவுகிற மாதிரி காற்றில் இங்கிருந்து அங்கே நகர்த்தினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சமதளம். நீங்கள் அதைச் சமதளம் என்று போட்டிருக்கிறீர்கள்.

பியானோ என்றால் என்ன, டாக்டர் அவர்களே? எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு ஒருவன் படியில் இறங்கும்போது அவன் அம்மா என்ன கத்துவாள்? பியானோ, பியானோ என்பாள். படி தட்டையாக இருக்கிறது என்றா சொல்கிறாள்? மெதுவாப் போடா என்கிறாள். கல்லறையிலிருந்து ஓடைக்குக் கல்லை உருட்டினால் கல்லே பயப்படும். அதற்கு வேறு என்ன எழுதுவேன்?

இது வரைக்கும் தவறு. தவறு யாருக்கும் வரும். ஆனால் நேற்று முன்தினம் எனக்கு ஒரு கடிதம் கொண்டுவந்தேன். பழுப்பு உறை. வழக்கம்போல் பெட்டியில் போட்டு, திறந்து எடுத்தேன். தபால்துறை மண்டல மேற்பார்வையாளரிடமிருந்து. சமதளம் என்ற தகவலைத் தந்தது மோந்தெலாரோ தபால்காரர் என்று உங்கள் அலுவலகம் எழுதிக் கொடுத்திருக்கிறதாம். பணி நேரத்தில், பொய்யான தகவல். வியாழன் 24-ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு இங்கேயே தபால் நிலையத்தில் விசாரணை. என் பதில் சரியில்லை என்றால் மேட்டை விட்டுக் கடற்கரையில் கடிதம் பிரிக்கும் கூடத்துக்கு மாற்றம். சன்னல் இல்லாத கூடம் அது, பார்த்திருக்கிறேன்.

நாற்பத்தொரு பெட்டி. எதில் என்ன விழும் என்று பார்க்காமல் சொல்வேன்.

என் வார்த்தை உங்களிடம் எழுத்தில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாவிட்டால் கேட்டிருக்கலாம். உங்களுக்குத்தான் கேள்விக்குப் பஞ்சமே இல்லையே.

லொ. செசெத்தி


பெதாசோ
19 ஜூன்

லொரெத்தா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. எதையும் மறைக்காமல் எழுத முயல்கிறேன்.

ஏழாம் தேதி இயக்குநர் அறையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். "சமதளம்னு யார் சொன்னது?" என்று அவர் கேட்டார். நான், "தபால்காரர் எழுதியிருந்தாங்க" என்றேன். ஒரே சொல்லுக்கு மெதுவாக என்றும் சமதளம் என்றும் இரண்டு பொருள் இருக்க, நீங்கள் எழுதியது ஒன்று, நான் படித்தது மற்றொன்று என்பது அப்போது எனக்கே தெரியாது. ஆனால் அவர் அதைக் குறித்துக்கொண்டு, "வேற ஏதாவது?" என்று என்னைப் பார்த்தார். நான் அந்த இடத்துக்குப் போனதேயில்லை என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். மேஜையின் மேல் ஒரு காப்பி வட்டம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் முடிந்துவிட்டது.

உங்கள் கடிதம் வந்ததும் மார்ச் மாதக் கடிதத்தை எடுத்து வைத்துப் படித்தேன். மேட்டிலிருந்து ஓடை வரை: பியானோ. இப்போது அதை எப்படிப் படித்தாலும் எண்ணெய் டின் தூக்குகிறவனின் அம்மா கத்துவது போலத்தான் கேட்கிறது. அன்றைக்கு ஏன் கேட்கவில்லை? பழைய படத்தாளில் அந்தப் பாதை சரிவை ஒட்டி வளைந்து போவதால், சமம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். பிற்பகல் ஊராட்சி எழுத்தருக்குத் தொலைபேசி செய்தேன், அவர் எடுத்தபிறகும் வைக்கவில்லை. தொண்ணூற்றொன்றில் மண் சரிந்து பழைய பாதை போய்விட்டது, விவசாயிகள் நேர்கீழாக வெட்டியதுதான் இப்போது இருப்பது என்றார். "இது ஒங்களுக்குத் தெரியாதா?" என்று ஆச்சரியப்பட்டார்.

நீங்கள் ஏப்ரலில் கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். எங்கே மூச்சு வாங்கியது என்று கேட்டீர்கள். எங்கேயும் இல்லை. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. சின்ன வயதில் எங்கள் வீட்டில் சைக்கிள் இல்லை. பிறகு கற்றுக்கொள்ள வெட்கமாக இருந்தது. இந்த வேலைக்கு நேர்காணலில் யாரும் அதைக் கேட்கவில்லை. சைக்கிள் வழி போடுகிறவளுக்குச் சைக்கிள் தெரியாமல் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

இயக்குநரிடம் இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். இந்த மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது, அதைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றார். மேற்பார்வையாளருக்குக் கடிதம் போட்டால் நாள் கழித்துத்தான் கிடைக்கும். எனவே வியாழக்கிழமை வருகிறேன். எழுதி எடுத்து வருவேன், ஆனால் வாயால் சொல்வேன். சொல்ல வருமா என்று தெரியவில்லை. வருகிறேன் என்பது மட்டும் தெரியும்.

இலேனியா


மோந்தெலாரோ
27 ஜூன்

இலேனியா,

நீ போனபிறகு தீனோ, "இவளா போன்ல வச்சது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நான் வேற மாதிரி நெனச்சேன்" என்றார். இன்னும் தேறவில்லை.

வியாழன் பத்தே முக்காலுக்குச் சந்தைப் பேருந்து வந்தது. இறங்கிய ஆறு பேரில் நீ இல்லை. படத்தில் பார்த்திராத முகத்தை எப்படித் தெரியும் என்று கேட்காதே, அந்த ஆறு பேரும் எனக்குத் தெரிந்தவர்கள். சரி, வரவில்லை என்று உள்ளே போய் உட்கார்ந்தேன். மேற்பார்வையாளர் கண்ணாடியைத் துடைத்து, காகிதத்தைப் படித்து, கடற்கரைக் கூடத்தைப் பற்றி ஆரம்பித்திருந்தார்.

அப்போதுதான் நீ வந்தாய். ஒரு கையில் காலணி. முகம் ஜெம்மாவின் தக்காளி மாதிரி. ஓடைப் பக்கமே பேருந்தை விட்டு இறங்கி அந்தச் சரிவில் நடந்தே ஏறியிருக்கிறாய். அதை நீ சொல்லவில்லை, உன் மூச்சு சொன்னது. "யாரும்மா நீ?" என்று அவர் கேட்டார்.

நீ சொன்னதை எண்ணினேன், ஐந்து வாக்கியம். "படம் போட்டது நான். அவங்க மெதுவான்னு எழுதினாங்க, நான் சமம்னு படிச்சேன். பாதைய நான் பாக்கல. இப்ப பாத்துட்டு வர்றேன். அது சமம் இல்ல." அவர், "சத்தமா சொல்லும்மா, கேக்கல" என்றார். நீ மறுபடியும் முதலிலிருந்து ஐந்தையும் சொன்னாய். அப்போதும் அவ்வளவு சத்தமில்லை. ஆனால் அறையில் வேறு யாரும் மூச்சு விடவில்லை, அதனால் கேட்டது. என் வானொலிக் கணக்குதான்.

பிறகு அவர் என் கடிதத்தைக் கேட்டார். நீ கொடுத்தாய். அந்த ஒரு வரியை அவர் இரண்டு முறை படித்தார். முதல் முறை தட்டையாக, இரண்டாம் முறை எச்சரிக்கிற மாதிரி. "ரெண்டும் சரியாத்தானே இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நீ பேருந்துக்கு ஓடியபிறகுதான் முடிவு எழுதினார்: இனி பணி நேரத்தில் யாருக்கும் வழி சொல்லக் கூடாது, மேடு என்னுடையதாகவே இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு, ஊருக்குக் கீழே போக எந்த வழி நல்லது என்று என்னைக் கேட்டார். பணி நேரத்தில் சொல்லக் கூடாது என்றேன்.

நான் எழுத வேண்டியது ஒன்று பாக்கி. உன் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். படத்தில் பாதை வளைந்து வளைந்து போகிறது என்று அதிலேயே எழுதியிருக்கிறாய். அது சரிந்துபோன பாதை என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மூன்று கிணற்றைப் படித்துச் சிரித்துக்கொண்டே அதைத் தாண்டிவிட்டேன். படத்தின் நகலிலும் பச்சையைப் பார்த்து, மெதுவாப் போங்கன்னு போட்டிருக்கா, கெட்டிக்காரி என்று தீனோவிடம் சொன்னேன். ஆகவே உன் தவறு முழுசும் உன்னுடையது இல்லை. பாதியைத் திருப்பிக் கொடு.

உன் ஒப்பந்தம்?

அச்சான படங்களை என்ன செய்யப்போகிறார்கள்? தூக்கிப் போட வேண்டாம் என்று சொல். எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. இப்போது சொல்ல மாட்டேன்.

டச்சுக்காரர் ஜெம்மாவுக்குக் கீரை விதைப் பொட்டலம் அனுப்பியிருக்கிறார். நான்தான் கொடுத்தேன். அவள் அழுதாள், பிறகு விதை மட்டம் என்றாள்.

லொரெத்தா


மோந்தெலாரோ, உங்கள் கேட்டின் முன்னால்
14 செப்டம்பர், செவ்வாய்

லொரெத்தா,

இந்தக் கடிதத்தை நீங்கள் கொண்டுவரவில்லை. தபால்தலை இல்லை, பாருங்கள். நீங்கள் சுற்றில் இருக்கிறீர்கள், தீனோவின் இருமல் தோட்டத்துப் பக்கம் கேட்கிறது. கூப்பிடலாம். ஆனால் எழுதிவிட்டுப் போகிறேன்.

என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஜூலையும் ஆகஸ்டும் பீச் பழக் கிடங்கில் பெட்டி அடுக்கினேன். மீன்காரரிடம் அம்மா, "எங்க டாக்டர் இப்ப பழத்துறையில இருக்கா" என்றாள். மாலைகளில் கடற்கரைச் சாலையில் சைக்கிள் பழகினேன். இருக்கையைப் பிடித்துக்கொண்டு அம்மா பின்னால் ஓடி வந்தாள், விரலில் தையல் உறையோடு. அவளுக்கும் ஓட்டத் தெரியாது. "விட்டுட்டேன், விட்டுட்டேன்" என்று கத்திக்கொண்டே விடாமல் ஓடினாள். ஒரு நாள் உண்மையிலேயே விட்டாள். அன்று சொல்லவில்லை.

இன்று காலை ஆறரைக்குக் கிளம்பினேன். மில்லைத் தாண்டும்போது லாரி ஒன்றுதான். இரண்டாவது வளைவில் வாத்துகள் இருந்தன, இறங்கி உருட்டிக்கொண்டு போனேன், ஒன்று கணுக்காலைப் பிடித்தது. குழாயில் பத்து எண்ணினேன், பன்னிரண்டில்தான் தெளிந்தது. நீங்கள் வேகமாக எண்ணுவீர்களா, மெதுவாகவா? எனக்கு மூச்சு வாங்கிய இடம்: மில்லுக்கு மேலே முதல் வளைவு, இரண்டாம் வளைவு, மூன்றாம் வளைவு, சர்ச் வாசல். ஏப்ரலில் கேட்டதற்குப் பதில்.

மூன்று கிணற்றைப் பற்றி ஜூனில் நடந்து வந்த அன்றே ஜெம்மாவிடம் கேட்டுவிட்டேன், உங்களிடம் சொல்லவில்லை. கிணறு ஒன்றுதான். மூன்று பண்ணைக்கும் நடுவில் இருப்பதால் ஒவ்வொருவரும் அது தன் கிணறு என்று சொல்லி, படம் வரைய வந்தவரிடம் மூன்று பேரும் தனித்தனியாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அவர் பெயரை மூன்றாகவும் கிணற்றை ஒன்றாகவும் போட்டுவிட்டார். அவரும் ஒருவேளை கூச்சக்காரராக இருக்கலாம்.

கல்லறை வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் கேட்டுக்குத் திரும்பி வந்தேன். இறக்கம் தொடங்கும் இடத்தில், சைக்கிள் பந்தயத்தில் ஓடுகிறவர்களின் பெயரை எழுதுவார்களே அந்த மாதிரி, சாலையின் முழு அகலத்துக்கும் சுண்ணாம்பால் ஐந்து எழுத்து: P I A N O. பி-யின் வயிறு பெரிது. கடைசி ஓ கொஞ்சம் வழிந்து இறக்கத்திலேயே ஓடியிருக்கிறது. உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியும். அலுவலகம் பழைய படங்களையே கொடுத்துக்கொண்டிருக்கிறது. பச்சைக் கோடு அப்படியே இருக்கிறது. ஆனால் இங்கே நின்று அதைப் படிக்கிற யாருக்கும் அர்த்தம் மாறாது.

ரொட்டி வண்டி மூன்று முறை ஹாரன் அடிக்கிறது. மணி எட்டரை. ஜெம்மாவின் வானொலி இங்கேயே கேட்கிறது, கத்தரிக்காயை உப்புப் போட்டு வைக்கச் சொல்கிறார்கள்.

கடிதத்தை உங்கள் பெட்டியில் போடுகிறேன். சாவியால் திறந்து எடுத்துக்கொள்ளுங்கள், முறை என்று ஒன்று இருக்கிறது. படிக்கும்போது நான் கீழே இருப்பேன், ஓடைப் பாலத்திலோ ஜெம்மாவின் பாத்தியிலோ.

இரண்டு பிரேக்கிலும் கை வைத்துவிட்டேன். இறங்கப் போகிறேன், பியானோ.

இலேனியா